ஆர்லினுக்கு விழுந்த பதினெட்டுகள்

விஸ்கான்சினில் ஜனவரி மாத மத்தியானங்கள் பகலோடும் சேராது, மாலையோடும் சேராது. ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட, நடுவில் ஊர் மட்டும் பாதித் தூக்கத்தில் கிடக்கும். அப்படி ஒரு வியாழக்கிழமை, ஹாலிஸ் ஆமுண்ட் வீட்டுச் சமையலறையில் நடீன் காப்பிக்குத் தொட்டுக்கொள்ளக் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, ரோலண்ட் டெஷ் வந்து கதவைத் தட்டினார்.

ஹாலிஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்த கொட்டகையையும் நசுங்கிய காரையும் சுற்றிச் சுற்றி வந்து, இது தானாக நடந்ததா, நடத்தப்பட்டதா என்று சொல்வதுதான் அவர் தொழில். வேலையை விட்ட பிறகும் ஊர்க்காரர்கள் அவரை விடவில்லை. நடீன் பக்கத்து வீட்டுக்காரி, பல் டாக்டரிடம் வரவேற்பாளர். பனிக்காலத்தில் கிழவருக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டுமே என்று தானாக ஒட்டிக்கொண்டவள். பாவம் பார்த்து வந்ததாகச் சொல்வாள். துப்பறியும் ஆசையில் வந்தாள் என்பது தெருவுக்கே தெரியும்.

ரோலண்ட் உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஹாலிஸ், ஒருத்தன் ஏமாத்தினானா இல்லையான்னு எனக்குத் தெரியணும். சனிக்கிழமைக்குள்ள."

"என்ன தொலைஞ்சது?"

"ஒண்ணும் தொலையல. வந்ததுதான் பிரச்சினை. ஆறு எண் வந்துச்சு."

ரோலண்ட் வீட்டில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி நடீன் கேள்விப்பட்டிருந்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டிராகன்களும் குகைகளும் இருக்கும் ஓர் உலகத்தைப் பேசிப் பேசியே நடந்து கடப்பார்களாம். ரோலண்ட்தான் அந்த உலகத்தை நடத்துகிறவர்.

"அது சின்னப் பசங்க ஆட்டம் இல்ல?" என்றாள்.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு," என்றார் ரோலண்ட் அடிபட்ட குரலில். "நீ அந்த உலகத்துக்குள்ள போகணும்னா முதல்ல அங்க ஒரு ஆளாப் பொறக்கணும். வலிமை, அறிவு, விவேகம், கைத்திறன், உடல்திடம், வசீகரம். ஒவ்வொரு குணத்துக்கும் மூணு பகடை உருட்டிக் கூட்டணும். மோசம்னா மூணு, பிரமாதம்னா பதினெட்டு. அறிவு அஞ்சு விழுந்தா, முட்டாளாவே வாழ்ந்து தீக்க வேண்டியதுதான்."

"நம்ம எல்லாரையும்போல," என்றார் ஹாலிஸ்.

"வேற வீடுகள்ல நாலு பகடை உருட்டி, சின்னதைக் கழிச்சுக்கறாங்க. எங்க வீட்ல அந்தச் சலுகை எல்லாம் கிடையாது. மூணே பகடை, விழுந்த வரிசையிலயே எழுதிக்கணும். உருட்டறது என் பகடையை. ஒரு புது ஆள் பொறக்கறப்ப மட்டும்தான் அதை உருட்டுவோம். சும்மா உருட்டிப் பாக்கறதுக்கு எனக்கே உரிமை கிடையாது."

போன சனிக்கிழமை அப்படிப் பிறந்தவன்தான் ஆர்லின் ராஷின் புது வீரன். பதினேழு, பதினெட்டு, பதினாறு, பதினெட்டு, பதினெட்டு, பதினைந்து.

"ஒரு பதினெட்டு விழவே கொடுத்து வெச்சிருக்கணும்," என்றார் ரோலண்ட். "ஆறும் இப்படி விழறதுங்கறது, நான் பாடம் நடத்தற கணக்குல நடக்காது. ஆர்லின் யாரு? மதுக்கடையில தோல் குவளையில பகடை குலுக்கினான்னா, எல்லாரும் குடிக்கற பீருக்கு எதிராளி காசு கொடுத்துட்டுத்தான் எழுந்திருப்பான். ஊர்லயே அவன மாதிரிக் கை கிடையாது. நான் கேட்டுட்டேன், ஏமாத்தினியாடான்னு. அவன் பதிலே சொல்லல. கோட்டை மாட்டிட்டுப் போயிட்டான். போனை எடுக்க மாட்டேங்கறான்."

"ஆட்டத்துல எத்தனை பேர்?"

"நாலு பேர் இருந்தோம். ஆர்லினோட மனைவி ஜாய்ஸ் அக்டோபர்ல இறந்துபோயிட்டா இல்லையா, இப்ப நான், ஆர்லின், தபால் கொடுக்கற பெர்னிஸ், மூணே பேர். அவன் வரலன்னா ஆட்டம் இல்ல. அது போகட்டும். ஹாலிஸ், அவன் வீட்டை விட்டு மனுஷங்க முகம் பாக்க வர்றது இதுக்கு மட்டும்தான். முப்பது வருஷச் சிநேகிதம். அவன் திருடனா, இல்ல நான் மடையனா, ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

ரோலண்டின் வீட்டுக்கு நடீன்தான் கார் ஓட்டினாள். கண்ணாடிக்கு வெளியே பனி பெய்தபடி இருந்தது. இந்த உலகத்தில் இல்லாத ஒருவன், மலைபோல வலிமையும் யாரும் திரும்பிப் பார்க்கும் முகமும் வைத்துக்கொண்டு, ஒரு மேசைச் சண்டையால் பிறக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் எங்கோ நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. சாலையோரத்து மரங்களுக்கு நடுவில் அவன் தோளில் பனி விழ நிற்பதாக ஒரு கணம் பார்த்தே விட்டாள்.

ரோலண்டின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கோட், ஸ்வெட்டர் இரண்டையும் கழற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு சூடு. ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்கும், வெள்ளை வண்ணம் அடித்த பழைய இரும்பு ரேடியேட்டர் நீராவியில் சீறிக்கொண்டிருந்தது.

"எப்பவும் இப்படித்தான் கொதிக்குமா?" என்று கேட்டார் ஹாலிஸ்.

"முன்னாடியெல்லாம் வெதுவெதுப்பே வராது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி புது பாய்லர் போட்டாங்க. அதுலேர்ந்து வீட்டுக்குள்ள ஆகஸ்ட் மாசம்தான்."

மேசையில் பெர்னிஸ் உட்கார்ந்திருந்தார். விசாரணை என்றால் நான் இல்லாமலா என்று தபால் பையோடு நேரே வந்துவிட்டிருந்தார். எதிரே அவருடைய சொந்தப் பகடைகளை, ஒவ்வொன்றின் பெரிய எண்ணும் மேலே தெரியும்படி வரிசையாக அடுக்கியிருந்தார்.

"எதுக்கு அப்படி?" என்றாள் நடீன்.

"பழகட்டும்னுதான். நாள் முழுக்கப் பெரிய எண் மேல இருந்தா, உருட்டறப்பவும் அதுதானே ஞாபகம் வரும்?"

"பகடைக்கு மூளை இல்ல பெர்னிஸ்," என்றார் ரோலண்ட். "இதை எத்தனை சனிக்கிழமை சொல்லிட்டேன்."

"வாத்தியாருக்கு எல்லாம் தெரியும். ஆனா போன வாரத்துக்கு முந்தின வாரம் டிராகன் கையில செத்தது யாரு? நானா? ஆர்லின்தான். அதுக்கு முன்னாடியும் ஆர்லின்தான். எதையும் அடுக்காத ஆளு அவன்."

ரோலண்ட் ஒரு வெல்வெட் பையைத் திறந்து தன் மூன்று பகடைகளை மேசையில் வைத்தார். மலிவான பிளாஸ்டிக், மங்கலான நீலம். ஆட்டப் பெட்டியில் வரும் பகடைகளில் எண்கள் வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். கூடவே ஒரு மெழுகுக் கிரேயான் கொடுத்திருப்பார்கள். வாங்கியவர்தான் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். ரோலண்ட் சிவப்பைத் தேய்த்திருந்தார்.

"இது என்னோடதுதான். மாத்தி வைக்கல, அது நிச்சயம். இந்தச் சிவப்பு நான் தேய்ச்சது."

ஹாலிஸ் ஒன்றைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு முதல் ஆறு வரை எண்கள் பளிச்சென்று இருந்தன. ஒன்று என்ற எண்ணின் பள்ளத்தில் மட்டும் சிவப்பே இல்லை. அடுத்த பகடையிலும் அப்படியே.

"கிரேயான்தானே, தேயும்," என்றார் ரோலண்ட்.

மூன்றாவது பகடை பெர்னிஸின் முழங்கையருகே இருந்தது. "அதை இப்படிக் கொடுங்க," என்றார் ஹாலிஸ். பெர்னிஸ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து, அதன் முனையால் பகடையை மெல்ல அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"அடுத்தவன் பகடையைத் தொட்டா அதோட ராசி செத்துப்போகும். நான் தொட மாட்டேன். ஆர்லின் பகடை ஒருநாள் கீழ விழுந்தப்பகூட முறத்துலதான் வாரினேன்."

ஹாலிஸ் சட்டைப் பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்தார். பகடைகளை ஒவ்வொன்றாக மேசைக் கண்ணாடியில் நிறுத்தி, பக்கவாட்டில் அளவுகோலைச் சேர்த்து வைத்து, ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நடீன் தன் பங்குக்கு அறையை அலசினாள். ரேடியேட்டரின் மேல் விளிம்பில், வெள்ளை வண்ணத்தின்மீது, வரிசையாக மூன்று சிறு சிவப்புப் பொட்டுகள் இருந்தன.

வெளியே வந்ததும் அவள் வாய் நிற்கவில்லை. "பாத்தீங்களா? அந்தப் பொட்டு நகப்பூச்சேதான். பெர்னிஸ் நகத்தைப் பாருங்க, அதே சிவப்பு. வீட்டுச் சாவியும் அவங்ககிட்ட இருக்காம், ரோலண்ட் ஊருக்குப் போனா பூனைக்குச் சோறு வைக்க. அவங்கதான் ஏதோ பண்ணியிருக்காங்க!"

"பொட்டைப் பாத்தது நல்ல கண்ணு," என்றார் ஹாலிஸ். "பெயரு வைக்கறதுல அவசரப்பட்டுட்டே. ஏரிக்கு விடு வண்டியை."

உறைந்த ஏரியின் மேல், மீன் பிடிக்கப் போட்ட மரக்குடில்கள் ஒரு சிறு தெருபோல நின்றன. காகித ஆலையில் வேலை செய்யும் ஆர்லின் தன் குடிலுக்குள், பனிக்கட்டியில் வெட்டிய துளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தூண்டிலில் இரை இருந்ததாகத் தெரியவில்லை. துளையிலிருந்து பச்சை வெளிச்சம் எழுந்து கூரையில் அசைந்துகொண்டிருக்க, நடீனுக்கு ஏதோ கனவுக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது.

"ரோலண்ட் அனுப்பினானா?" என்றார் ஆர்லின், நிமிராமல்.

"ஆமா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எப்படி உருட்டினீங்க? குவளையிலயா?"

"எனக்கு அவன் குவளை தர மாட்டான். குவளையில என் கை ஓடும்னு ஊருக்கே தெரியுமே. மேசைக்குக் குறுக்க எறிஞ்சு, அந்தக் கோடியில நிக்கற பலகையில மோதித் திரும்பணும், அதான் அவன் வீட்டுச் சட்டம். பலகையில மோதற பகடையை எந்தக் கையும் ஆட்டி வைக்க முடியாது. இது அந்தக் கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா?"

"கையில எடுத்தப்ப ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

ஆர்லின் யோசித்தார். "கொஞ்சம் சூடா இருந்துச்சு. அவன் கைச்சூடுன்னு நினைச்சேன்."

பிறகு கேட்காமலே சொன்னார். "கண்ண மூடினா அவன் வந்து நிக்கறான். நான் உருட்டினவன். உசரமா, எதுவும் பேசாம. பேரு வைக்கறதுக்குள்ள சண்டை வந்துடுச்சு. ராத்திரி நான் யோசிச்சுப் பாக்கறேன், ஒருவேளை எனக்கே தெரியாம நான்தான் ஏதாவது பண்ணிட்டேனோன்னு. ஒரு மனுஷனை இந்த அளவுக்கா சந்தேகப்பட வைப்பாங்க?"

"சனிக்கிழமை வாங்க," என்றார் ஹாலிஸ். "ஆட வேண்டாம். கேட்டுட்டுப் போயிடுங்க."

சனிக்கிழமை மத்தியானம் ஆர்லின் வந்தார். கோட்டைக் கழற்றாமல் வாசற்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரோலண்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெர்னிஸ் மட்டும் பாலாடைக் கட்டியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தார்.

"முதல்ல வீட்டுச் சட்டத்தை ஒருதரம் மீறணும்," என்றார் ஹாலிஸ். "நடீன், உருட்டு."

"யாரும் பொறக்கப் போறதில்லையே!" என்று ரோலண்ட் பதறினார். அதற்குள் நடீன் எறிந்துவிட்டாள். பகடைகள் பலகையில் மோதித் திரும்பின. ஆறு, ஆறு, ஐந்து. மறுபடி எறிந்தாள். ஆறு, நான்கு, ஆறு. மறுபடியும். மூன்றும் ஆறு.

"நடீன் மதுக்கடைப் பக்கம் போறதில்ல," என்றார் ஹாலிஸ். "அவளுக்கும் இப்படித்தான் விழுது. கோளாறு கையில இல்ல, பகடையில. அளவுகோலைச் சேத்து வெச்சுப் பாத்தேன். மூணும் அடியில கொஞ்சம் அகலமாயிருக்கு, சுவர் சரிஞ்சிருக்கு. ஒண்ணு இருக்கற பக்கம் அடியாப் போய் உக்காந்துக்குது. ஒண்ணு கீழ போனா ஆறு மேல வரும்."

"யாரோ அறுத்திருக்காங்க!" என்றார் பெர்னிஸ்.

"அறுத்தா தடம் இருக்கும். இது சூட்டுல இளகினது. கிரேயான் விரல் பட்டுத் தேய்ஞ்சிருந்தா எல்லா எண்ணும் தேய்ஞ்சிருக்கணும். மூணு பகடையிலயும் ஒண்ணு மட்டும் அழிஞ்சிருக்கு. ஏன்னா மெழுகு உருகி அடியில வழிஞ்சிடுச்சு. வழிஞ்சது எங்கன்னா, அதோ, அந்த ரேடியேட்டர் மேல. நடீன் கண்டுபிடிச்ச மூணு பொட்டு. கீழ ஒண்ணு, மேல ஆறுன்னு நிறுத்தி, நாள்கணக்கா அங்க வெச்சிருக்காங்க. போன வருஷமா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. புது பாய்லர் வந்துடுச்சே. ஆர்லின் கையில எடுத்தப்பவும் அந்தச் சூடு ஆறல."

நடீன் பெர்னிஸைப் பார்த்தாள். ரோலண்டும் பார்த்தார். வரிசையாக அடுக்கிய பகடைகள் மேசையில் இருந்தன. பெர்னிஸின் முகம் சிவந்துபோனது.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் என்னோடதைத்தான் அடுக்குவேன்!"

"உண்மை," என்றார் ஹாலிஸ். "பெர்னிஸ் ராசியை நிஜமாவே நம்பறவங்க. அப்படிப்பட்டவங்க அடுத்தவன் பகடையைத் தொடவே மாட்டாங்க, பென்சிலாலதான் தள்ளுவாங்க. ஆறை மேல வெச்சா நல்லது நடக்கும்னு பெர்னிஸ்கிட்ட கேட்டுக் கேட்டுச் சலிச்ச ஆளு யாரு? வாழ்க்கையில ஒரே ஒருதரம், நம்பிக்கை இல்லாமலே வேண்டிக்கிட்ட ஆளு யாரு? தன்னோட பகடையைத்தான் தொட்டாரு, அதனால சட்டத்தையும் மீறல. சூடு பட்டா பிளாஸ்டிக் இளகும்னு மட்டும் தோணல. ரோலண்ட், நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

ரோலண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவனோட ஆளு டிராகன்கிட்ட செத்துப்போன அன்னிக்கு," என்றார் கடைசியில். "வாசல்ல நின்னு சொன்னான், 'எனக்கு எதுவுமே தங்கறதில்லடா'ன்னு. ஜாய்ஸைச் சொன்னானா, ஆட்டத்தைச் சொன்னானா, எனக்குப் புரியல. மறுநாள் காலைல எடுத்து அங்க வெச்சேன். ஆறு மேல இருக்கற மாதிரி. பெர்னிஸ் பண்றதுதானே, நாமும் பண்ணிப் பாப்போமேன்னு. வாரம் பூரா அங்கதான் இருந்துச்சு. வெளிய சொல்ல வெக்கம். மூளை இல்லாத பகடைன்னு நான்தானே சொல்லிட்டுத் திரியறேன்."

"எனக்காகவா வெச்சே?" என்றார் ஆர்லின்.

"உனக்காகத்தான்."

ஆர்லின் எழுந்தார். கோபமாகப் பேசுவார் என்று நடீன் எதிர்பார்த்தாள். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"எனக்கு நல்லது நடக்கணும்னு நீயே வேண்டிக்கிட்டே. நடந்ததும் நீயே என்னைத் திருடன்னுட்டே. முப்பது வருஷமா மதுக்கடையில நான் ஜெயிக்கறதைப் பாத்திருக்கே, ஒருநாள்கூடச் சந்தேகப்பட்டதில்லையேடா. அன்னிக்கு மட்டும் என்ன?"

ரோலண்ட் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீ சிரிச்சே," என்றார். "கடைசி எண் விழுந்ததும் வாய்விட்டுச் சிரிச்சே. ஜாய்ஸ் போனப்புறம் நீ சிரிச்சு நான் பாக்கல. உன் சிரிப்பு எப்படி இருக்கும்னே மறந்துபோயிட்டேன். என்னடா இது, புதுசா இருக்கே, எதையோ மறைக்கறான்னு பட்டுச்சு. அவ்வளவுதான். வேற சாட்சியே எனக்குக் கிடையாது."

பெர்னிஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிஸ் அளவுகோலை மெதுவாகப் பைக்குள் செருகினார். ஒரு குற்றமும் நடக்காத இடத்தில் இரண்டு பேர் இப்படி அடிபட்டு நிற்பதைப் பார்க்க நடீனுக்கு அழுகை வந்தது.

"அந்த எண்ணெல்லாம் செல்லாதுதானே?" என்றார் ஆர்லின்.

"செல்லாது. கோணப் பகடை. நீ வேற உருட்டணும்." சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் ரோலண்டின் குரல் நிமிர்ந்தது, சொல்லி முடித்ததும் மறுபடி விழுந்துவிட்டது. "இன்னிக்கு வேண்டாம்னா அடுத்த வாரம். உனக்கு வரவே வேண்டாம்னு தோணினாலும் எனக்குப் புரியும்."

ஆர்லின் கதவுவரை போனார். திறந்ததும் ஏரிக்காற்று உள்ளே வந்து மேசையிலிருந்த தாள்களைப் புரட்டியது. அவர் வெளியே பார்த்தபடி, போகாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் குடில்ல தனியா உக்காந்தா ஒரு மீனும் மாட்ட மாட்டேங்குது," என்றார். "கோட்டைப் போட்டுக்கோடா. குளுரும்."